ஜன்னலைத் திறந்துவிட்டுப் பறத்தல்: நியூ இங்கிலாந்தின் இலையுதிர்காலம், ஒரு செஸ்னாவிலிருந்து

திங்கள், லெபனான்

இது மேற்காசிய லெபனான் அல்ல. நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷயர், அந்தப் பக்கம் வெர்மான்ட். ஊரின் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 603 அடி உயரத்தில், சுற்றிலும் குன்றுகளோடு இருக்கிறது. இலை நிறம் பார்க்கப் பறப்பவர்களுக்கு இதைவிட வசதியான தளம் கிடைப்பது அரிது. வடகிழக்கே அரை மணி நேரத்துக்குள் வெள்ளை மலைகள், வடமேற்கே பசுமை மலைகள், காலடியில் ஆறு.

அக்டோபர் முதல் வாரம். கனடா எல்லையோரத்திலும் மலையின் மேல்பகுதிகளிலும் நிறம் உச்சத்தைத் தொட்டுவிட்டது. பள்ளத்தாக்குகளில் இன்னும் பாதி பச்சை. நிறம் எப்போதும் வடக்கிலிருந்து தெற்காகவும், மேலிருந்து கீழாகவும்தான் இறங்கும். ஆகவே ஒரே வாரத்தில் உயரத்தை மாற்றி மாற்றிப் பறந்தால் தொடக்கம், உச்சம், உதிர்வு மூன்றும் கிடைக்கும். தரையில் காரோட்டிப் போகிறவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

விமானம் செஸ்னா 172, நான்கு இருக்கைச் சிறு விமானம். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை. இறக்கை கீழே இருக்கும் பைப்பர் செரோக்கி போன்றவற்றில் படத்தின் பாதியை இறக்கையே அடைத்துக்கொள்ளும். அதில் படமெடுக்கப் போவது பணத்துக்குக் கேடு. 172-இலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த ஜன்னல் திறக்கும்? விமானி பக்கத்து ஜன்னல் திறக்கும். வலப்பக்க ஜன்னல் எல்லா விமானங்களிலும் திறக்காது. பின் இருக்கை ஜன்னல்கள் திறக்கவே திறக்காது. படமெடுப்பவர் உட்காருவது வலது முன் இருக்கை என்பதால், வாடகைக்கு எடுக்குமுன் அந்த ஜன்னலை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஜன்னலின் கீல் மேல்விளிம்பில் இருக்கிறது. ஒரு சிறு தடுப்புக் கை அதைச் சில அங்குலத்துக்கு மேல் திறக்கவிடாது. அந்தக் கையைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். பறக்கும்போது காற்றே ஜன்னலைத் தூக்கி இறக்கையின் அடியில் ஒட்டி வைத்துக்கொள்ளும். திருகாணியை விமான உரிமையாளர் அல்லது மெக்கானிக்கின் சம்மதத்தோடுதான் கழற்ற வேண்டும். கழற்றியதை உறையில் போட்டு, விமானத்தின் எண்ணை எழுதி, அலுவலகத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. கதவையே கழற்றிவிட்டுப் பறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

மூடிய ஜன்னல் வழியாக எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கீறல்கள் இருக்கும், லேசான மஞ்சள் ஏறியிருக்கும், வளைவால் ஓரங்கள் மங்கும். போலரைசர் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகண்ணாடி) போட்டால் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் இறுக்கம் வானவில் பட்டைகளாகப் படத்தில் தெரியும். வேறு வழியே இல்லையென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடித்து எடுக்கலாம்.

எடைக் கணக்கையும் இன்றே முடித்தாயிற்று. 172 எஸ் மாடலின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2,550 பவுண்டு. கருவிகளோடு வெற்று விமானம் 1,650 முதல் 1,700 வரை. டாங்க் நிரம்ப, பயன்படுத்தக்கூடிய 53 கேலன் பெட்ரோல் 318 பவுண்டு. மிச்சம் ஏறக்குறைய 550 பவுண்டு, அதாவது 250 கிலோ. நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பேர் ஏற முடியாது. படமெடுக்க விமானியும் ஒருவரும் போதும். எடை குறைந்தால் மலையருகே ஏறும் வேகம் கூடும். அந்த வேகம்தான் அங்கே உயிர்.

விமானியிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது: இது சுற்றிப்பார்க்கும் பயணம் அல்ல, படமெடுக்கும் பயணம். கூலி வாங்கிக்கொண்டு இதற்குப் பறக்க அவரிடம் கமர்ஷியல் உரிமம் இருக்க வேண்டும். வெறும் தனிப்பயன் உரிமம் போதாது. வாடகை பெரும்பாலும் எரிபொருளையும் சேர்த்தது. இயந்திரம் ஓடும் நேரத்தை மீட்டர் மணியின் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடும். ஓடுபாதைக்கு முன்னால் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினாலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

செவ்வாய், கனெக்டிகட் ஆறு

காலை 6.50-க்குச் சூரியோதயம். ஆனால் விமான நிலையமே பனிமூட்டத்துக்குள். தெளிந்த வானம், அசையாத காற்று, குளிர்ந்த இரவு, பக்கத்தில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் ஆற்று நீர்: இவை நான்கும் சேர்ந்தால் இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனிதான். முந்தின இரவு வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றிலுள்ள ஈரம் பனியாகும் வெப்பநிலை) இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் நெருங்கி வந்தால் காலையில் சீக்கிரம் எழுந்து பயனில்லை. கோபுரக் கட்டுப்பாடு உள்ள இந்த நிலையத்திலிருந்து பார்த்துப் பறக்கும் விதிப்படி கிளம்ப 3 மைல் பார்வைத் தூரமும் 1,000 அடி மேக உயரமும் வேண்டும். பெரும்பாலும் 9 அல்லது 10 மணிக்குத்தான் அது கிடைக்கும். மூடுபனிக்கு மேலே தலைநீட்டும் சிவந்த குன்றுகளை எடுத்தே தீர வேண்டும் என்பவர்கள், பள்ளத்தாக்கில் இல்லாமல் மேட்டில் இருக்கும் விமான நிலையத்தில் முந்தின நாளே விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திரும்பி இறங்க ஒரு தெளிந்த நிலையத்தையும், அதற்கான எரிபொருளையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனி விலகும் அந்த முக்கால் மணி நேரமே பொன்னானது. ஆற்றின் வளைவுகளில் மட்டும் வெள்ளை தங்கியிருக்கும், கரையோர மேப்பிள்கள் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். தெற்கே பத்து நாட்டிகல் மைல் (சுமார் 18 கி.மீ.) போனால் கார்னிஷையும் விண்ட்சரையும் இணைக்கும் கூரை போட்ட மரப்பாலம். 1866-இல் கட்டியது, நீளம் 449 அடி. பாலம் ஆற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ கிழக்கு மேற்காக இருக்கிறது. காலை வெயில் நீளவாக்கில் விழுவதால் சுவர் முழுக்க நிழலாகத்தான் இருக்கும். பாலமே பொருள் என்றால், வெயில் தென்புறம் சாய்ந்த பிறகு ஆற்றின் தெற்கிலிருந்து எடுப்பது மேல். காலையில் எடுக்க வேண்டியது அதன் பின்னணியில் 3,100 அடிக்கு மேல் தனியாக நிற்கும் அஸ்கட்னி மலையை.

ஒளியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் சென்னையில் உச்சிவெயில் 72 டிகிரி உயரத்தில் நிற்கும். இங்கே நண்பகலிலேயே சூரியன் 41 டிகிரிதான் ஏறுகிறது. அதனால் நண்பகலும் முழுக்க வீண் அல்ல. என்றாலும் அந்த வெளிச்சத்தில் காட்டை நேர் கீழே பார்த்தால், தட்டில் கொட்டிய பூந்தி மாதிரி நிறம் மட்டும் இருக்கும், வடிவம் இருக்காது. காலை ஒன்பதரை வரையிலும், மாலை நான்குக்கு மேலும் ஒவ்வொரு மரமும் பக்கத்து மரத்தின் மேல் நிழல் போடுகிறது. அப்போதுதான் காடு காடாகத் தெரியும்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்பது கேமராவைவிட முக்கியம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பதே சரி என்று பழகியிருப்போம். ஆகாயத்தில் அது பெரும்பாலும் தப்பு. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியில் ஒவ்வொரு இலையும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்வதால், விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி வெளிறிய ஒரு திட்டு உண்டாகும். படத்தில் அது அழுக்குப் போல இருக்கும், எந்த மென்பொருளும் அதை எடுக்காது. பக்கவாட்டு ஒளிதான் அடிப்படை. அதற்கு மேலே ஒரு படி, சூரியனைச் சற்றே எதிர்நோக்கிப் பார்ப்பது. மேப்பிள் இலை மெல்லியது. பின்னாலிருந்து ஒளி ஊடுருவும்போது அது விளக்கேற்றியது போலாகும். எதிர்வெயிலில் லென்ஸுக்குள் நேரடி ஒளி விழாமல் இறக்கையின் நிழலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 172-இன் இறக்கை அதற்கென்றே போட்டதுபோல் தலைக்கு மேல் இருக்கிறது.

கேமரா அமைப்பு எளிது. ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே இறங்கக் கூடாது, 1/2000 இருந்தால் நல்லது. லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 முதல் 800. ஏன் இவ்வளவு வேகம்? 80 நாட் (மணிக்கு 80 நாட்டிகல் மைல்) வேகத்தில் விமானம் வினாடிக்கு 41 மீட்டர் நகர்கிறது. 1/1000 வினாடியில் 4 சென்டிமீட்டர். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் 70 மி.மீ. லென்ஸ் போட்டு 300 மீட்டர் தொலைவை எடுத்தால் ஒரு பிக்சல் தரையில் இரண்டரை சென்டிமீட்டர். ஆக ஒன்றரை பிக்சலுக்கு மேல் இழுபடும். 1/2000-இல் அது ஒரு பிக்சலுக்குள் அடங்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு 1/1000 தாராளம். இந்தக் கணக்கில் சேராதது இயந்திர அதிர்வு. முழங்கையை ஜன்னல் விளிம்பிலோ கதவிலோ ஊன்றினால் அந்த அதிர்வு நேரே லென்ஸுக்குப் போகும். கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும், உடம்பு இருக்கையில் இருக்கட்டும், கேமரா எதையும் தொடாமல் இருக்கட்டும்.

லென்ஸ் மூக்கு ஜன்னல் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் போனாலும் காற்று கேமராவைப் பிடுங்கும். லென்ஸ் ஹூட் (ஒளிமறைப்பு வளையம்) கழன்று பின்னால் வால்பகுதியில் போய் அடிக்கும். ஆகவே ஹூட் வேண்டாம். கழுத்துவார், தொப்பி, பாக்கெட்டில் காகிதம், தளர்ந்த கைக்குட்டை எதுவும் வேண்டாம். கேமராவை மணிக்கட்டு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். 24-70, 70-200 மி.மீ. லென்ஸ்கள் இரண்டையும் இரண்டு கேமரா உடல்களில் பொருத்தியே ஏறிவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கும்போது லென்ஸோ மெமரி கார்டோ மாற்றுவது கீழே இருப்பவர் தலைக்கு ஆபத்து.

திறந்தவுடன் வரும் இன்னொரு தொல்லை சத்தம். ஹெட்செட் மைக்கில் காற்று புகுந்து இரைந்தால் விமானிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வது கேட்காது. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, உதட்டை ஒட்டி வைத்து, இன்டர்காமின் ஸ்க்வெல்ச்சை (இரைச்சலைத் தடுக்கும் அமைப்பை) கூட்ட வேண்டும். அதுவும் போதாவிட்டால் படமெடுப்பவரின் மைக்கைத் துண்டித்துவிட்டுக் கைச்சாடைக்குப் போய்விடலாம். இறக்கையைத் தூக்கு, இன்னொரு சுற்று, போதும், மூடப்போகிறேன்: நான்கு சாடை இருந்தால் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம்.

புதன், பிராங்கோனியாவும் வாஷிங்டன் மலையும்

வெள்ளை மலைகளுக்கு லெபனானிலிருந்து 40 நாட்டிகல் மைல். சாதாரண வேகத்தில் போய்ச்சேர்ந்து, படமெடுக்கும் இடத்தில் 75 நாட்டுக்குக் குறைத்து, ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடலை) 10 டிகிரி இறக்குவது வழக்கம். மூக்கு சற்றுத் தாழும், முன்னால் பார்வை விரியும், குறைந்த வேகத்திலும் விமானம் அடக்கமாக இருக்கும்.

பிராங்கோனியா கணவாய் வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே 5,249 அடி லஃபயெட், மேற்கே கேனன் மலை, நடுவே எக்கோ ஏரியும் புரொஃபைல் ஏரியும், அவற்றை ஒட்டி நெடுஞ்சாலை. காலையில் மேற்குச் சுவர் ஒளிரும், மாலையில் கிழக்குச் சுவர். இரண்டையும் ஒரே பறப்பில் பிடிக்க முடியாது. கேனன் மலையில்தான் ‘மலையின் முதியவர்’ என்ற பாறைமுகம் இருந்தது. 2003 மே 3 அன்று சரிந்து விழுந்துவிட்டது. பழைய அஞ்சலட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் அதைத் தேடுகிறார்கள்.

மேலிருந்து பார்க்கும்போது நிறத்துக்குக் காரணம் புரிகிறது. அடிவாரத்தில் சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சு, ஈரப்பகுதிகளில் சிவப்பு மேப்பிள் ரத்தச்சிவப்பு, பிர்ச்சும் ஆஸ்பெனும் மஞ்சள், பீச் (beech) மரம் வெண்கலம். அதற்கு மேலே ஊசியிலை மரங்களான ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் ஆண்டு முழுவதும் கரும்பச்சை. சுமார் 4,400 அடிக்கு மேல் மரமே இல்லை. மஞ்சள் நிறமி இலையில் எப்போதும் இருப்பது. பச்சையம் சிதையும்போது அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல, இலை அந்தந்தப் பருவத்தில் புதிதாகச் செய்துகொள்வது. வெயிலான பகலும், உறையாத அளவு குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் அதிகமாகச் செய்யும். ஆகவே மந்தமான ஆண்டில் மஞ்சள் தப்பிக்கும், சிவப்புதான் அடிவாங்கும்.

படத்துக்கு இந்தக் கரும்பச்சை மிக முக்கியம். நூறு சதவீதம் ஆரஞ்சாக இருக்கும் சரிவைவிட, நடுநடுவே ஊசியிலை மரங்கள் கறுத்து நிற்கும் சரிவுதான் படத்தில் எரியும். வெறும் நிறத்தைத் துரத்துகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பி எல்லாப் படமும் ஒன்றுபோல் இருக்கிறதே என்கிறார்கள். இருட்டையும் ஒரு கோட்டையும் தேடுங்கள்: சாலை, ஓடை, ஏரிக்கரை, மின்கம்பிப் பாதை, எதுவானாலும் சரி.

கணவாய்க்குக் கிழக்கே பிரெட்டன் வுட்ஸ். 1902-இல் திறந்த வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை ஓட்டல். 1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் இங்கே கூடித்தான் உலக வங்கிக்கும் பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் அடிக்கல் போட்டார்கள். இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். ஜூலையில் வந்தவர்கள் பச்சையைத்தான் பார்த்திருப்பார்கள். ஓட்டலை மேற்கிலிருந்து, பிற்பகலில், பின்னணியில் வாஷிங்டன் மலை வருமாறு எடுக்க வேண்டும். உச்சியில் உறைபனி படிந்த நாளாக இருந்தால் மேலே வெள்ளை, நடுவில் கரும்பச்சை, கீழே ஆரஞ்சு என்று மூன்று அடுக்கும் ஒரே சட்டத்தில் வரும். 70-200 லென்ஸில் 100 மி.மீ. பக்கம் வைத்தால் மலையும் ஓட்டலும் நெருங்கி நிற்கும். 24-இல் எடுத்தால் மலை பின்னுக்குப் போய்ச் சிறுத்துவிடும்.

வட்டமடிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் விமானங்கள் விழுவது பெரும்பாலும் இதனால்தான். கீழே ஒரு தேவாலயம் அழகாக இருக்கிறது. படமெடுப்பவர் ‘இன்னும் கொஞ்சம் சாய்’ என்கிறார். விமானியும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே சாய்க்கிறார். 172 எஸ் நேராகப் பறக்கையில் ஃப்ளாப் இல்லாமல் சுமார் 48 நாட்டில் தூக்குவிசையை இழக்கும். 45 டிகிரி சாய்ந்து உயரத்தைக் காத்துக்கொண்டு திரும்பினால் அதே எல்லை 57-க்கு ஏறும், 60 டிகிரியில் 68. வேகக்காட்டியில் 70 இருக்கிறது, கையில் இருப்பது 2 நாட். ஒரு காற்றுக் குலுக்கல் போதும். அதோடு தன் பழைய சுழல்காற்றுக்குள்ளேயே விமானம் மறுபடி நுழையும் தொல்லையும் உண்டு.

அதனால் வட்டம் வேண்டாம், நீள்வட்டம் போதும். பொருளைப் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்து நேர்கோட்டில் கடந்தால், முன்னால் 45 டிகிரியிலிருந்து பின்னால் 45 டிகிரி வரை இரண்டு கிலோமீட்டர் பாதை. 75 நாட்டில் அதற்கு 50 வினாடிக்கு மேல் கிடைக்கும். கடந்த பிறகு 20 டிகிரி சாய்வில் நிதானமாகத் திரும்பி மறுபடி வரலாம். திரும்பும் ஆரம் சுமார் 420 மீட்டர்தான். சக்கரமோ இறக்கைத் தாங்கியோ சட்டத்துக்குள் வந்தால் விமானத்தைக் கோணலாக வழுக்கவிடும்படி கேட்காதீர்கள். அடுத்த சுற்றில் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ எடுங்கள். வலது இறக்கையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வது மட்டும் பாதுகாப்பான வேண்டுகோள். விமானி கேமராவைத் தொடவே கூடாது. படமெடுப்பவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

எவ்வளவு தாழலாம்? மக்கள் நெருக்கமான இடத்தில், விமானத்திலிருந்து 2,000 அடி ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி. மற்ற இடங்களில் தரையிலிருந்து 500 அடி. ஆட்கள் நடமாட்டமோ வீடோ அரிதான இடத்திலும் அவற்றிலிருந்து 500 அடி விலகியே இருக்க வேண்டும். சட்டம் அனுமதிப்பதும் புத்தி அனுமதிப்பதும் வேறு. இயந்திரம் நின்றால் இறங்க இடமில்லாத காட்டின் மேல் 1,000 முதல் 1,500 அடி இருப்பது படத்துக்கும் நல்லது. பெமிகேவாசெட், கிரேட் கல்ஃப் போன்ற வனக்காப்புப் பகுதிகளின் மேல் குறைந்தது 2,000 அடி இருக்கும்படி விமானிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். நடைபயணம் போகிறவர்கள் அமைதிக்காக அங்கே ஏறியிருக்கிறார்கள். அதை மதிப்பது மரியாதை.

திரும்பும் வழியில் கான்கமகஸ் சாலை. லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல், உச்சி 2,855 அடி. சாலை கிழக்கு மேற்காகப் போவதால் மாலையில் வெயில் நீளவாக்கில் வரும். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தால் ஒளி பின்னால், எல்லாம் தட்டை. கான்வே பக்கமிருந்து மேற்கு நோக்கி வந்தால் ஸ்விஃப்ட் ஆறும் சாலையும் வெள்ளிக்கம்பி போல ஒளிரும், மரங்கள் விளிம்பில் எரியும்.

வியாழன், தரையில்

மலை முகட்டில் 35 நாட் காற்று. பறக்கவில்லை, பறக்கவும் கூடாது. முகட்டில் காற்று 20, 25 நாட்டைத் தாண்டினால் காற்றின் மறுபக்கச் சரிவில் கீழிழுக்கும் ஓட்டங்கள் உண்டாகும். 172 ஏறும் வேகம் அந்த உயரத்தில் நிமிடத்துக்கு 500 அடியை ஒட்டித்தான். இழுப்பு அதைவிட அதிகமாக இருக்கக்கூடும். வாஷிங்டன் மலை வானிலை நிலையத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவானது. அந்த மலைக்குச் செல்லப்பெயர் எதுவும் தேவையில்லை. அடிவாரத்தில் இலை அசையவில்லை என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, முகட்டு உயரக் காற்றறிக்கையைப் பார்க்க வேண்டும். மிதமான காற்றிலும் முகட்டை நேராக அணுகாமல் 45 டிகிரி கோணத்தில், 1,000 அடிக்குமேல் இடைவெளியோடு அணுகுவது மரபு. பிடிக்காவிட்டால் சுலபமாகத் திரும்பிவிடலாம்.

இருந்தாலும் இன்றைக்கு வேலை உண்டு. எல்லாம் ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாத மூலப்படங்கள்). முதலில் பார்க்க வேண்டியது சிவப்புச் சேனல். கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) நன்றாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலப்பக்கச் சுவரில் மோதியிருக்கும். மேப்பிள் இலைகளின் நரம்பெல்லாம் மறைந்து ஒரே பெயின்ட் அப்பினதுபோல் ஆவது இதனால்தான். மூன்று நிறத்துக்கும் தனி ஹிஸ்டோகிராமை இயக்கி, வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும் படி) முதல் மூன்றில் இரண்டு வரை குறைத்து எடுத்தால் தப்பிக்கலாம்.

அடுத்தது மங்கல். தொலைவு கூடக்கூட காற்றில் சிதறும் நீல ஒளி படத்தின் மேல் மெல்லிய பால் போல் படியும். யுவி ஃபில்டரால் டிஜிட்டல் கேமராவில் இதற்குப் பெரிதாகப் பயனில்லை. மென்பொருளின் மங்கல் நீக்கும் கருவியைப் படம் முழுக்க இழுத்தால் முன்னால் இருக்கும் மரங்கள் கருகிவிடும். தூரத்துப் பகுதிக்கு மட்டும் முகமூடி (மாஸ்க்) போட்டு, கூடவே வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) சற்றே மஞ்சள் பக்கம் நகர்த்த வேண்டும். படமெடுக்கையில் தானியங்கி வெள்ளைச் சமநிலை வேண்டாம். ஆரஞ்சுக் காட்டைப் பார்த்தவுடன் அது ‘விளக்கு வெளிச்சம்’ என்று நினைத்து நீலத்தை ஏற்றிவிடும். ‘பகல் ஒளி’ அமைப்பிலேயே நிறுத்திவிடுங்கள்.

நிறச் செறிவைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பத்துப் புள்ளிக்கு மேல் கூட்டினால் பிர்ச்சின் மஞ்சளும் மேப்பிளின் ஆரஞ்சும் ஒன்றாகிவிடும். நேரில் அவற்றைப் பிரித்துக் காட்டியது அந்தச் சின்ன வேறுபாடுதான். செறிவைத் தொடாமல் நிழல்களை இன்னும் இருட்டாக்கிப் பாருங்கள். அதே வேலை நடக்கும்.

வெள்ளி, ஸ்டோவும் வில்லோபி ஏரியும்

காற்று விழுந்து, மழை கழுவிய வானம். குளிர் முகப்பு (குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்த மறுநாள்தான் பருவத்தின் மிகத் தெளிவான நாள். ஆனால் முந்தின நாள் காற்று மேட்டு மரங்களில் பாதியை உதிர்த்துவிட்டது. மேன்ஸ்ஃபீல்ட் மலை 4,393 அடி. அதன் தோளில் பிர்ச்சுகள் வெறும் வெள்ளைக் குச்சிகள். அதனால் இன்று தாழ்ந்த பள்ளத்தாக்குகள், ஸ்டோவ் ஊரின் வெள்ளைக் கோபுரத் தேவாலயம், வளைந்து வளைந்து ஏறும் ஸ்மக்ளர்ஸ் கணவாய்ச் சாலை.

வெர்மான்ட் கிராமங்களைப் படமெடுக்க ஒரு தந்திரம்: கோபுரத்தின் உச்சி தொடுவானத்துக்குக் கீழே, காட்டின் மேல் விழுமாறு உயரத்தை வைப்பது. வானத்தின் மேல் விழுந்தால் வெள்ளையோடு வெள்ளை கரைந்துவிடும். 1,000 அடியில் 50 மி.மீ. லென்ஸ் இதற்குச் சரியாக வருகிறது. பசுமை மலைகள் வெள்ளை மலைகளைவிட மென்மையானவை, வயல்கள் அதிகம். சர்க்கரை மேப்பிள் தோப்புகளை மேலிருந்தே அடையாளம் காணலாம்: ஒரே வயது, ஒரே உயரம், சீரான ஆரஞ்சு. வசந்தகாலத்தில் அந்த மரங்களிலிருந்து வடிக்கும் 40 கேலன் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு கேலன் பாகு கிடைக்கும். உதிர்ந்த பகுதிகளில் காட்டுக்குள் நேர்கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையெல்லாம் ஆட்டு மேய்ச்சல் நிலம். அப்போது போட்ட கல்வேலிகள் அவை. நிலத்தைக் கைவிட்டுப் போன பிறகு வளர்ந்ததுதான் இன்றைய காட்டில் பெரும்பகுதி. இலை இருக்கும்வரை இந்தக் கோடுகள் தெரியாது.

அங்கிருந்து வடகிழக்கே வில்லோபி ஏரி. கிழக்கே பிஸ்கா, மேற்கே ஹோர், நடுவே பனிப்பாறை குடைந்த நீளமான, 300 அடிக்கு மேல் ஆழமான நீர். தென்முனையிலிருந்து வடக்கு நோக்கி எடுத்தால் இரு மலையும் வாசல் தூண்களாக நிற்கும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் போடலாம், ஜன்னல் திறந்திருப்பதால் வானவில் தொல்லை இல்லை. விலை ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம். அகலக் கோணத்தில் போட்டால் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும், கையுறையோடு அது எளிதல்ல.

குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தரையில் 6 டிகிரி. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். தரைக்கு மேல் 3,000 அடியில் உறைநிலை, அதில் 75 நாட் காற்று. பத்து நிமிடத்தில் ஷட்டர் விரல் மரத்துப்போகும். மெல்லிய உள்கையுறை, அதன் மேல் விரல்நுனி மடங்கும் கையுறை, கண்ணில் நீர் வராமலிருக்கப் பக்கம் மூடிய கண்ணாடி. உபரி பேட்டரி உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே விமானம் திரும்பினால் குமட்டும். திருப்பத்தில் கேமராவை இறக்கிவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா இரண்டு துண்டு முன்கூட்டியே வாயில் போட்டுக்கொள்வது இங்கே விற்கும் எந்த மாத்திரையையும்விட மேல் என்பது எங்கள் கட்சி.

பழைய 172 எம், என் மாடல்களில் பறப்பவர்களுக்கு ஒன்று. அவற்றில் கார்புரேட்டர் உண்டு. ஏரியோரத்து ஈரக்காற்றில், வெளி வெப்பம் உறைநிலைக்கு மேலேயே இருந்தாலும், இயந்திர விசையைக் குறைத்துப் பறக்கையில் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். இயந்திரச் சுழற்சி மெல்ல மெல்லக் குறைவதுதான் அறிகுறி. படமெடுக்கும் மும்முரத்தில் அதைக் கவனிக்கத் தவறுவார்கள். விசையைக் குறைக்கும் முன்பே சூட்டுக் குமிழை முழுதாக இழுத்துவிடுவது பழக்கமாக இருக்க வேண்டும். 172 எஸ்-இல் எரிபொருள் நேரே செலுத்தப்படுவதால் இந்தக் கவலை இல்லை.

சனி, லெபனான்

கொலம்பஸ் தின வார இறுதி தொடங்கிவிட்டது. அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறை. ஓட்டல்களில் இடமில்லை, கணவாய்ச் சாலைகளில் கார்கள் ஊர்கின்றன, ஆகாயத்திலும் அப்படித்தான். வார நாட்களில் தனியாகச் சுற்றிய இடத்தில் இன்று மூன்று விமானங்கள். கோபுரமில்லாத நிலையங்களின் பொது அலைவரிசையில் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். படமெடுப்பவரும் ஒரு ஜோடிக் கண்தான், சட்டத்துக்குள் இன்னொரு விமானம் தெரிந்தால் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் படம்.

விமானத்தைத் திருப்பித் தருமுன், ஜன்னலின் தடுப்புத் திருகாணியை மாட்டி, முன்பு போலவே சில அங்குலம்தான் திறக்கிறதா என்று இருவர் பார்க்க வேண்டும். மாட்டாமல் விட்டால், அடுத்து எடுப்பவர் தரையில் ஓடும்போதே ஜன்னலைத் திறந்து, அது காற்றில் படார் என்று மேலே போய் அடிக்கும். இருக்கைக்கு அடியிலும் விமானத்தைத் திருப்பும் ரட்டர் மிதிகளைச் சுற்றியும் டார்ச் அடித்துத் தேடுங்கள். லென்ஸ் மூடி, சில்லறை, பேட்டரி, எது உருண்டு மிதிக்கு அடியில் சிக்கினாலும் விமானம் திரும்பாது.

அடுத்த வாரம் வருகிறவர்கள் இந்த வரைபடத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம். நிறம் அதற்குள் தெற்கே மொனாட்னாக் மலைப் பக்கம் இறங்கியிருக்கும். மேப்பிள் முடிந்து ஓக்கின் செம்பழுப்பு தொடங்கும். மாதக் கடைசியில் வந்தால் மறுபடி வடக்கே போகலாம். எல்லா மரமும் மொட்டையான பிறகு, வடகிழக்கு வெர்மான்ட்டின் சதுப்புகளில் டாமராக் மரங்கள் மட்டும் பொன்னிறமாக நிற்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது அது. சதுப்பின் வெளிர்ப் பழுப்பு நிலத்தில் அவற்றின் நிழல் நீளமாக விழுவதற்கு, பிற்பகல் மூன்றரைக்கே அங்கே இருக்க வேண்டும்.